கல்நார்க் கயிறும் கூலி நோட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

காவிரிப் படுகையின் பழைய அரிசி ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைக் கயிறு நினைவிருக்கும். நெல் அவிக்கும் இடத்துக்கு பாய்லரிலிருந்து நீராவியைக் கொண்டுசெல்லும் குழாயில் சூடு வீணாகாமல் இருப்பதற்காக அதைச் சுற்றி, அதன்மேல் ஒரு பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள். அது கல்நார், பேச்சு வழக்கில் ஆஸ்பெஸ்டாஸ். நெருப்பில் எரியாத அந்தக் கனிமம், அறுக்கும்போதும் பிய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பிரிந்து, மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. அது தரும் நோய் 20, 30 ஆண்டுகள் கழித்தே வெளியில் தெரியும்.

சென்ற ஆண்டு மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தன் நோய்க்கு இழப்பீடு கேட்க வழி தேடி என் அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படி ஏறிய களைப்பில், பேச்சைத் தொடங்கவே அவருக்கு நெடுநேரம் பிடித்தது. 15 ஆண்டுகள் ஒப்பந்தக்காரரின் ஆளாக, மூன்று ஆலைகளில் குழாய்களுக்குக் கயிறு சுற்றியவர். மஞ்சள் பையிலிருந்து எக்ஸ்ரே படத்தையும், காசநோய் என்று கருதிப் பல மாதங்கள் கொடுக்கப்பட்ட மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துவைத்தார். கடைசியாக வந்தது, மேஸ்திரி சனிக்கிழமைதோறும் கூலி எழுதிக் கையெழுத்திட்ட ஒரு நீள நோட்டு. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஏனென்றால், இத்தகைய வழக்குகளில் நோயை நிரூபிப்பதைவிட, எங்கே வேலை பார்த்தபோது அது வந்தது என்று நிரூபிப்பதே கடினம். ஒப்பந்தக்காரர் இறந்திருப்பார், ஆலை கைமாறியிருக்கும், வருகைப் பதிவேடு கறையான் அரித்துப் போயிருக்கும். உச்ச நீதிமன்றம் இதை முன்பே உணர்ந்திருந்தது. நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், 1995 ஜனவரியில் தீர்ப்பளித்தபோது, தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. கல்நார்த் தொழிலில் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையை விட்ட பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஆனால் ஒப்பந்தக் கூலியாக வந்துபோனவருக்கு யார் பதிவேடு வைத்தார்கள்?

மூன்று ஆலைகளில் எது பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், ஆஸ்பெஸ்டோசிஸ் என்னும் நுரையீரல் இறுக்கத்தைத் தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டிருந்தது. பல முதலாளிகளிடம் வேலை பார்த்தவருக்கு அந்நோய் வந்தால், இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் நியாயமெனக் கருதும் விகிதத்தில் அவர்கள் அனைவரும் இழப்பீட்டைப் பகிர்ந்து தர வேண்டும் என்றது. தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தாலும், முதன்மை முதலாளியான ஆலைக்காரர் தொழிலாளிக்குப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்; பிறகு அதை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். "அவன் எங்கள் ஆள் இல்லை" என்ற பதிலைக் கேட்டதும் மனம் தளர்ந்து திரும்பிவிடாதீர்கள்.

கயிற்றைத் தயாரித்து விற்றவரை நம் ஊரில் யாரும் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் டெக்சாஸில் கிளாரன்ஸ் போரல் என்பவர், 1936 முதல் 30 ஆண்டுகளுக்கும் மேலாக இதே வெப்பக்காப்பு வேலையைச் செய்து நோயுற்றார். ஆபத்தை அறிந்திருக்க வேண்டிய தயாரிப்பாளர்கள் தொழிலாளியை எச்சரிக்கத் தவறியதற்குப் பொறுப்பாவார்கள் என்று 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர் உயிரோடு இல்லை.

பாய்லர் வேலை பார்த்தவர்கள் மருத்துவரிடம் இருமலை மட்டும் சொல்லாமல், பார்த்த வேலையையும் சொல்லி, அதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை, கூலிச் சீட்டு, உடன் வேலை பார்த்தவரின் முகவரி எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அந்தப் பெரியவரின் மனு இப்போது ஆணையர் முன் இருக்கிறது. அவருடைய மனைவிக்கும் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். 15 ஆண்டுகளும் அவருடைய வேலைச் சட்டையைத் திண்ணையில் உதறித் துவைத்தவர் அந்த அம்மாள்தான். ஆலையில் அவருக்கு வேலை இல்லாததால், ஊழியர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. அவருக்கும் நோய் இருப்பது தெரியவந்தால், கவனக்குறைவால் நேர்ந்த தீங்கு என்று உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடர வேண்டியிருக்கும். அதற்கும் அதே கூலி நோட்டுத்தான் சான்று.