ஏழு கட்டுரைகள், ஒரு கருத்த குடுவை
(கல்லூரி வேதியியல் மன்றத் தொடக்க விழாவில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அம்மா அவர்களே, துறைத் தலைவர் ஐயா அவர்களே, மன்றத்துக்கு நாற்காலிகள் வாங்கித் தந்த முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்த தமிழ்த்துறைப் பேராசிரியர் அவர்களே, காலையிலிருந்து ஆய்வகத்தில் நின்றுவிட்டு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, கடைசி வரிசையில் நிற்கும் ஆய்வக உதவியாளர்களே, வணக்கம். உதவியாளர்களை மேடையில் யாரும் விளிப்பதில்லை. நான் எப்போதும் விளிப்பேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். 2010இல் நெகிஷி, சுசுகி இருவரோடு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்த ரிச்சர்ட் ஹெக் யார், அவருடைய வினை என்ன, ஓர் ஆய்வாளரை வெறும் எண்ணால் அளப்பது ஏன் சரியில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஹெக் அப்படி வேலை செய்தவர். 1931இல் மாசசூசெட்ஸில் பிறந்தார். டெலவேர் மாநிலத்தில் ஹெர்குலிஸ் என்ற கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்தபடியே, 1968இல் அமெரிக்க வேதியியல் கழக இதழில் அடுத்தடுத்து ஏழு கட்டுரைகள் வெளியிட்டார். ஏழிலும் ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று: ஹெக்.

கார்பனோடு கார்பனை நாம் விரும்பிய இடத்தில் இணைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பல்லேடியம் என்ற உலோகம் இரண்டையும் தன்மேல் சேர்த்துப் பிணைத்துவிட்டு, தான் விலகி அடுத்த ஜோடிக்குப் போய்விடும். முதலில் ஹெக்குக்குப் பாதரசச் சேர்மங்கள் தேவைப்பட்டன. அப்புறம் அவையும் வேண்டாம் என்றாயிற்று. 1971இல் ஜப்பானில் மிசோரோக்கி, 1972இல் ஹெக், தனித்தனியே அதைக் காட்டினார்கள்.

அந்த வினையை நான் முதன்முதலில் செய்த கதையைச் சொல்ல வேண்டும். என் நெறியாளர் ஐயா அரைக் கிராம் பல்லேடியம் அசிடேட்டைப் பூட்டி வைத்திருப்பார். பட்டர் பேப்பரில் அவரே நிறுப்பார். பேப்பரில் ஒட்டிய தூளையும் கரைப்பானால் கழுவிக் குடுவைக்குள் விடுவார். அயோடோபென்சீன், தெர்மாகோலுக்கு மூலப்பொருளான அதே ஸ்டைரீன், டிரைஎத்திலமீன். எண்ணெய்த் தொட்டியில் குடுவையை இறக்கினேன். ஒரு மணி நேரத்தில் அடிக்கண்ணாடி முழுக்கக் கரி பூசியதுபோல் ஆகிவிட்டது. பல்லேடியம் செத்துப் படிந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. ஐயா திட்டவில்லை. “எத்தனை டிகிரியில் கருத்தது? நோட்டில் எழுதினாயா?” என்றார். நான் எழுதவில்லை. அந்தக் கரியைச் சுரண்டி ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, தேதி எழுதி ஒட்டினார். இரண்டாம் முறையும் கரி. மூன்றாம் முறையும் கரி. பாட்டில் கால்வாசி ஆயிற்று. அதற்கடுத்த முறை சூட்டைப் பத்துப் பத்து டிகிரியாக, நேரம் குறித்துக்கொண்டு ஏற்றச் சொன்னார். பதறாத காரியம் சிதறாது, அய்யா! சாயங்காலம் சூடான ஆல்கஹாலில் கரைத்து ஆறவிட்டதும், நாங்கள் எதிர்பார்த்த விளைபொருளான ஸ்டில்பீன் வெள்ளை வெள்ளைச் செதில்களாக இறங்கியது. ஐயா குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அந்த மனிதருக்கு ஒரு நிறுவனத்தில் பதவி உயர்வு மறுத்தார்கள். சைட்டேஷன், அதாவது மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் இவருடையதை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை, போதாதாம். நேர்காணல் குழுவில் ஒருவர்கூட அவருடைய கட்டுரையைப் படித்திருக்கவில்லை.

சரி, ஹெக்குக்கு என்ன நடந்தது? 1968இல் போட்ட விதை பரவலாகப் பயன்பட ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது. அதற்குள் ஆய்வுக்கு நிதி கிடைக்காமல் 1989இல் ஓய்வு பெற்றார். மனைவியின் நாடான பிலிப்பைன்ஸுக்குப் போய் கெசோன் நகரில் குடியிருந்தார். நோபல் செய்தி வந்தபோது அவருக்கு 79 வயது. நாப்ராக்சன் என்ற வலி மருந்தை அவருடைய வினையால் தொழிற்சாலையில் செய்திருக்கிறார்கள். ‘ஹெக் வினை’ என்று பெயரே நிலைத்த பிறகு, மூலக் கட்டுரையை அடிக்குறிப்பில் போடாமலே பலர் எழுதுகிறார்கள். அவற்றை எந்த எண்ணிக்கை பிடிக்கும்?

எச்-இன்டெக்ஸ் என்ற அளவுகோலை ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல்தான் முன்வைத்தார். 20 கட்டுரைகளுக்குத் தலா 20 மேற்கோளாவது இருந்தால் எண் 20. ஏழே கட்டுரைகளை வைத்திருப்பவருக்கு, அவற்றை உலகமே மேற்கோள் காட்டினாலும், எண் ஏழைத் தாண்டாது. இந்த எண்ணைத் துரத்தித்தான் நம் பிள்ளைகள் பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழ்களில் மாதச் சம்பளத்தைக் கொட்டுகிறார்கள். பதறாத காரியம் சிதறாது என்று வீட்டில் சொல்லிக்கொடுத்துவிட்டு, கல்லூரியில் பதறு பதறு என்கிறோம்.

பதவி உயர்வுக்கு வருபவரின் மூன்று கட்டுரைகளைக் குழு முழுதாகப் படிக்க வேண்டும், படித்துக் கேள்வி கேட்க வேண்டும், எண்ணை அப்புறம் பார்க்கட்டும். இதுதான் எங்கள் கோரிக்கை. மனு வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் பக்கத்திலேயே கட்டியிருக்கிறது. முதல்வர் அம்மா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். டீ குடிக்கப் போகும்போது நீங்களும் போடுங்கள்.