வாசலில் தொங்கும் ஒரு பிடி அரிசி

அனைவருக்கும் வணக்கம்.

இந்தோனேசியா என்றதும் நமக்குப் பாலித் தீவு ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் வரலாறு வாசித்தவர்களுக்குப் பொரோபுதூர் என்ற பழைய பௌத்தக் கோயில் வரும். நான் இன்றைக்கு இரண்டையும் விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் கப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குடிதண்ணீர் அடைத்து விற்பார்களே, அந்தச் சின்ன கப்தான். நான் தங்கியிருந்த வீட்டின் வாசல் தூணில் அதை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். மேலே பனி விழாமல் ஒரு தகரத் துண்டு. தினமும் இருட்டியதும் அந்த வீட்டுப் பாட்டி சமையல்கட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவந்து அதில் போடுவார். இரவு பதினொரு மணிக்கு மேல் தெருவில் டார்ச் வெளிச்சம் தெரியும், நாலைந்து ஆண்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்கும். காலையில் எழுந்து பார்த்தால் கப் காலியாக இருக்கும்.

முதல் இரண்டு நாள் நான் அதைப் பறவைக்கு வைப்பது என்று நினைத்தேன். பாட்டியின் பேத்திதான் விளக்கினாள். அதற்கு ஜிம்பித்தான் என்று பெயர். ஜிம்பித் என்றால் ஜாவானிய மொழியில் விரல் நுனியில் எடுக்கிற அளவு, நாம் சிட்டிகை என்கிறோமே அது. ஊர்க்காவல் முறையை ரோண்டா என்கிறார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் என்று முறைவைத்து இரவில் சுற்றி வருவார்கள். வரும்போதே ஒவ்வொரு வாசலிலும் இருக்கிற அரிசியைப் பையில் கொட்டிக்கொள்வார்கள். சேர்ந்த அரிசியை விற்று ஊர்ப் பொதுப்பணத்தில் சேர்ப்பார்கள். தெருவிளக்குக்கு பல்ப், விசேஷத்துக்குப் பொதுவில் வைத்திருக்கும் நாற்காலி, தட்டு, ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது கையில் கொடுக்கும் தொகை, எல்லாம் அதிலிருந்துதான். இப்போது பல ஊர்களில் அரிசிக்குப் பதில் ஐநூறு ரூப்பியா நாணயம் போடுகிறார்கள். நான் இருந்த ஊரில் இன்னும் அரிசிதான்.

அந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்குள்ளவர்கள் என்னை நம்பி வீட்டுக்குள் விட்டவர்கள். ஜாவாத் தீவின் தென்கரையில், யோக்யகார்த்தா நகரத்துக்குத் தென்கிழக்கே இருக்கிற குனுங்கிடுல் மாவட்டத்தில் எண்பது வீடுகள் உள்ள ஒரு குக்கிராமம் என்பது போதும். வறட்சி கடுமையாக இருந்த ஓர் ஆண்டில் செப்டம்பரில் போய், முதல் மழை விழும்வரை இருந்தேன்.

குனுங் என்றால் மலை, கிடுல் என்றால் தெற்கு. மலை என்றதும் பச்சையாக நினைத்துவிடாதீர்கள். சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், கவிழ்த்துவைத்த தேங்காய்ச் சிரட்டைகளைப் போல ஆயிரக்கணக்கில் நிற்கும். அந்தத் தொடருக்கே குனுங் செவு, அதாவது ஆயிரம் மலை என்றுதான் பெயர். 2015இல் யுனெஸ்கோ அதை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் அந்த அழகின் மேல் குடியிருப்பவர்களுக்குக் கிணறு கிடையாது. ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற பூமி அது. பெய்த மழையெல்லாம் பாறை இடுக்குகளில் இறங்கி, நூறு மீட்டர் ஆழத்தில் குகை ஆறாக ஓடி, கடலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. காலுக்குக் கீழே ஆறு ஓடும், மேலே குடத்துக்குத் தண்ணீர் இருக்காது.

அந்தக் குகை ஆறுகளில் ஒன்று பிரிபின். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகப் பொறியாளர்களும் இந்தோனேசியப் பொறியாளர்களும் சேர்ந்து குகைக்குள்ளேயே ஆற்றை மறித்து அணை கட்டி, அந்த நீரின் விசையாலேயே தண்ணீரை மேலே ஏற்றும் அமைப்பை அங்கே நிறுவினார்கள். பெரிய சாதனை. ஆனால் குழாயின் கடைசி முனையில் இருக்கிற ஊர்களுக்கு அது என்றைக்கு வரும், எத்தனை மணி நேரம் வரும் என்பது வேறு கதை.

பாட்டி சின்னவராக இருந்தபோது எல்லோரும் தெலாகாவுக்குத்தான் போவார்களாம். தெலாகா என்பது குன்றுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் மழைநீர் தேங்கும் குட்டை. அடியில் களிமண் படிந்திருப்பதால் தண்ணீர் நிற்கும். குளிப்பது, துவைப்பது, மாட்டுக்குக் காட்டுவது, குடிப்பது எல்லாம் அதில்தான். அந்தக் களிமண் படுகைதான் தெலாகாவின் உயிர். ஆழப்படுத்துகிறோம் என்று இயந்திரத்தை இறக்கி அதைச் சுரண்டி எடுத்துவிட்டால், அடிப்பாறையில் ஓட்டை திறந்து, அடுத்த மழையில் வந்த தண்ணீர் அப்படியே கீழே போய்விடும். அவர்கள் ஊர் தெலாகாவுக்கும் அதுதான் நடந்தது. நல்ல எண்ணத்தில், செலவு செய்து, செய்த வேலை. உள்ளூர்க் கிழவர் ஒருவரிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். எனக்கு இன்னும் அந்த வருத்தம் போகவில்லை.

சரி, இப்போது என்ன செய்கிறார்கள்? ஒவ்வொரு வீட்டுக்குப் பக்கத்திலும் சிமெண்ட் தொட்டி இருக்கிறது. கூரையில் விழும் மழை தகரக் காடி வழியாகத் தொட்டியில் இறங்கும். அது ஆகஸ்ட் வரை தாங்கினால் பெரிய விஷயம். அதற்கப்புறம் லாரித் தண்ணீர்தான். ஐயாயிரம் லிட்டர் ஒரு லட்சம் ரூப்பியாவுக்கு மேல், லாரி ஏற முடியாத மேட்டு வீடென்றால் இன்னும் கூடுதல். நான் போன சமயத்தில் பாட்டி வீட்டுக் கொட்டிலில் மூன்று ஆடுகள் இருந்தன. அக்டோபர் கடைசியில் ஒன்றுதான் இருந்தது. எங்கே என்று கேட்டதற்கு, “அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறோம், ண்டுக்” என்றார். ண்டுக் என்பது பெண்பிள்ளைகளைப் பாசமாகக் கூப்பிடுவது, நம்மில் ‘அம்மாடி’ என்கிற மாதிரி.

ஆட்டுக்கு அடுத்து மாடு. அது கடைசி இருப்பு. பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோதான் அவிழ்ப்பார்கள். அந்தக் கொட்டில்களில் நிற்கிற வெள்ளை மாடுகளைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். திமில், தொங்கும் அலைதாடி, அந்த நடை. விசாரித்தால், இனத்தின் பெயரே பெரானாகான் ஓங்கோல். நம் பக்கத்து ஆந்திராவின் ஓங்கோல் மாடுதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்களால் சும்பா தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து ஜாவாவின் நாட்டு மாடுகளோடு கலந்து உண்டான வழித்தோன்றல்.

மொழியிலும் இப்படி நிறைய தட்டுப்படும். இந்தோனேசிய மொழியில் ஊருக்குப் பெயர் தேசா, நம் தேசம்தான். ஊர்த்தலைவர் கெபாலா தேசா. கெபாலா என்பது தலை, கபாலத்திலிருந்து வந்தது. கெடாய் நம் கடை, கப்பால் நம் கப்பல். ஆனால் சொல் உறவை வைத்து அந்த ஊர் எனக்குத் தெரிந்த ஊர் என்று நினைத்துக்கொள்ள முடியவில்லை. அங்கே சந்தையே ஐந்து நாள் வாரத்தில்தான் கூடுகிறது. லெகி, பாஹிங், போன், வாகே, கிலிவோன் என்று ஐந்து நாட்கள். நம்முடைய ஏழு நாள் வாரமும் இதுவும் சேர்ந்து ஒரு சுற்று வர 35 நாள் ஆகும். ஊர்க்கூட்டமும் பெண்களின் சீட்டும் அந்த 35 நாள் கணக்கில்தான் நடக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல் விளைகிறது, ஆனால் மானாவாரி, வருஷத்துக்கு ஒரு போகம். மற்றபடி மரவள்ளிதான் அவர்களைக் காப்பாற்றியது. தோல் சீவி, வெயிலில் காயவைத்தால் கப்லெக். அதை இடித்து மாவாக்கி, தெளித்துப் பிசறி, ஆவியில் வேகவைத்தால் திவுல். பழுப்பு நிறத்தில் உதிரியாக, நம் புட்டைப் போல இருக்கும். 1960களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் பெரும்பஞ்சம் வந்தது. மரவள்ளியும் போதாமல், மாவெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைத் தின்றார்கள். அந்தச் சக்கைக்கு காபெர் என்று பெயர், அந்தக் காலத்தையே காபெர் காலம் என்பார்கள். பாட்டி அதைக் குழந்தையாகக் கண்டவர். இன்றைக்கு நகரத்திலிருந்து வருகிறவர்கள் வெல்லம் தூவிய திவுலைப் பொட்டலமாக வாங்கிப் போகிறார்கள். பாட்டிக்கு அதில் ஆச்சரியம் தீரவே இல்லை. அவருக்கு அது இல்லாமையின் ருசி. விருந்தாளியான எனக்கு ஒருநாள்கூட அவராக அதை வைத்ததில்லை. நானாகக் கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டேன்.

மொட்டையாக இருந்த குன்றுகளில் தேக்கு வந்தது பஞ்சத்துக்குப் பிறகுதான். அதே 1960களில் காஜா மாடா பல்கலைக்கழகம் வெறும் பாறை நிலத்தில் மரம் நட ஆரம்பித்து, வானகாமா என்ற காட்டையே உண்டாக்கிக் காட்டியது. மக்களும் வரப்பில் தேக்கு வைத்தார்கள். கல்லை உடைத்து அடுக்கி, மண்ணைத் தேக்கிப் படிப்படியாக வயல் கட்டினார்கள். சில இடங்களில் அந்த மண் ஒரு முழம்கூட இராது.

இனி அந்தக் கப்புக்கு வருகிறேன். அதற்குப் பின்னால் இருக்கிற வழக்கத்துக்குப் பெயர் கோத்தோங் ரோயோங், அதாவது கூடிச் சுமப்பது. 1945 ஜூன் 1ஆம் தேதி உரையில், பின்னாளில் நாட்டின் முதல் அதிபரான சுகர்ணோ, நாட்டுக்கு அடித்தளமாகத் தாம் முன்வைத்த ஐந்து கொள்கைகளையும் பிழிந்தால் இந்த ஒரு சொல்தான் மிஞ்சும் என்றார். இதைக் கேட்டு நாம் உருகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: இந்தக் கூட்டுழைப்பின் பாரம் எல்லோர் தோளிலும் ஒன்றுபோல விழுவதில்லை.

வீடு கட்ட வேண்டுமா, சம்பத்தான் என்று அழைத்தால் ஊரே வரும். கூலி கிடையாது, சாப்பாடும் டீயும் மட்டும். பக்கத்து வீட்டில் கல்யாணமா, பெண்கள் மூன்று நாள் முன்பே சமையலுக்குப் போய்விட வேண்டும், அதற்கு ரெவாங் என்று பெயர். நானும் போனேன். முப்பது பெண்கள், ஐந்து விறகடுப்பு, புகை. உரித்த வெங்காயம் மலைபோல. சிரிப்பும் கேலியும் ஓயவில்லை. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அந்த மூன்று நாள் கூலியை இழந்துவிட்டு வந்திருந்தார். வராமல் இருக்க முடியாது. நாளைக்கு அவர் வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்ட ஆள் வேண்டுமே.

கல்யாணத்துக்குக் கை வீசிக்கொண்டும் போக முடியாது. நம் மொய் மாதிரியேதான், நோட்டில் எழுதிவைப்பார்கள், வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். ராசியான மாதம் வந்தால் ஒரே வாரத்தில் நாலு அழைப்பு. அந்த மாதத்தில் பாங்க் பிளெசித் என்கிற வட்டிக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றி வருவார்கள். தினசரி வசூல் செய்யும் தண்டல்காரர்களேதான். ஒருவருக்கொருவர் துணையாக நிற்கிற அதே ஏற்பாடு, ஏழையைக் கடனுக்குள் தள்ளவும் செய்கிறது. அங்கிருந்த பெண்கள் இதை என்னிடம் ஒளித்துப் பேசவில்லை. நானும் உங்களிடம் ஒளிக்கவில்லை.

அரசும் இந்த வழக்கத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. சுகர்ணோவுக்குப் பின் அதிபரான சுகார்த்தோவின் ஆட்சியில் 1969 முதல் ஊருக்கு ஒரு லட்சம் ரூப்பியா என்று மானியம் வந்தது. மீதியை மக்கள் இலவச உழைப்பால் நிரப்ப வேண்டும். 1979 சட்டம் தீவுகள் முழுவதிலும் இருந்த பலவகை ஊர் அமைப்புகளை ஜாவாவின் தேசா அச்சிலேயே வார்த்தது. அந்த ஆட்சி நல்லதும் செய்தது: 1973 முதல் ஆறு ஆண்டுகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் கட்டப்பட்டன, 1989 முதல் ஊர்தோறும் மருத்துவச்சிகள் அனுப்பப்பட்டார்கள். அப்புறம் 2014இல் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது, 2015 முதல் நிதி நேராக ஊருக்கே வருகிறது. 2019இல் அந்த ஒதுக்கீடு 70 லட்சம் கோடி ரூப்பியா, சுமார் 75,000 ஊர்களுக்கு. சில ஊர்த்தலைவர்கள் அதைத் தின்று சிறைக்கும் போனார்கள். நான் இருந்த ஊரில் அந்தப் பணம் சிமெண்ட் பாதையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பாதை வந்ததால்தான் லாரி மேலே ஏறுகிறது.

இளைஞர்கள் அதே பாதையில்தான் இறங்கிப் போகிறார்கள். ஜகார்த்தாவில் மீ ஆயாம் என்கிற கோழி நூடுல்ஸ், பாக்சோ என்கிற இறைச்சி உருண்டை சூப் விற்கும் வண்டி தள்ளும் எத்தனையோ பேர் இந்தச் சுண்ணாம்பு மலைக்காரர்கள். நோன்புப் பெருநாளைக்குத்தான் திரும்பி வருவார்கள். பாட்டியின் மகனும் மருமகளும் அங்கேதான். பேத்தி பாட்டியோடு.

ஆண்கள் குறைந்துவிட்டதால் ரோண்டா முறைக்கு அறுபது வயதுக்காரர்களும் வருகிறார்கள். கதவைப் பூட்டினால் போதாதா, எதற்கு இந்த வயதில் ராத்திரி சுற்றுகிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னது: “திருடன் எங்கள் ஊருக்கு எதைத் திருட வருவான்? கப்பில் அரிசி இருக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறோம். இரண்டு நாள் இல்லையென்றால் கதவைத் தட்டுவோம்.” அந்த எண்பது வீடுகளில் பன்னிரண்டில் தனியாக ஒரு முதியவர் மட்டும் இருக்கிறார்.

மழைக்கு முன்பே அங்கே விதைத்துவிடுவார்கள். ங்காவு-ஆவு என்று பெயர், ஆவு என்றால் சாம்பல். சாம்பலாகக் காய்ந்த மண்ணில் குச்சியால் குழி போட்டு நெல்லைப் போட்டு மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது. எறும்பு தின்றது போக, மழை தப்பினால் விதையும் போச்சு. பாட்டியும் பேத்தியும் நானும் மூன்று நாள் குனிந்து விதைத்தோம்.

இரண்டரை வாரம் கழித்து ஒரு மாலையில் மழை இறங்கியது. நான் தொட்டியை நோக்கி ஓடினேன். பாட்டி எனக்கு முன்பே அங்கே நின்று, காடியின் வாயைத் தொட்டியிலிருந்து வெளியே திருப்பிவிட்டிருந்தார். நான்கு மாதத் தூசியும் எலிப்புழுக்கையும் கூரையில் இருக்கிறது, முதல் தண்ணீர் கூரையைக் கழுவிவிட்டுப் போகட்டும் என்றார். தொட்டியில் அப்போது நாலு குடம்தான் கிடந்தது. கொட்டுகிற தண்ணீர் மண்ணில் ஓடுவதைப் பார்த்தபடி, நனைந்துகொண்டே கால் மணி நேரம் காடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, தெளிந்துவிட்டது என்று தோன்றியதும் காடியைத் தொட்டிக்குத் திருப்பினார். தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய், ஒரு பிடி அரிசியோடு வந்தார். தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் அரிசியை ஒரு பாலிதீன் பையில் முடிந்து கப்பில் வைத்தார்.

பதினொரு மணிக்கு டார்ச் வெளிச்சம் வந்தது.

நன்றி. வணக்கம்.