பல்பம் தின்கிற பிள்ளை

தாய்மார்களே, பாட்டிமார்களே, கதவோரம் நிற்கிற அப்பாமார்களே, வணக்கம்!

"டாக்டர், இவன் பல்பம் தின்கிறான், சுவரைச் சுரண்டித் தின்கிறான், அடித்தாலும் கேட்பதில்லை" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு வருகிறீர்கள். அடிக்காதீர்கள் அம்மா. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு மண்ணும் சாம்பலும் ருசிக்கும். முதலில் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் அந்த வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இது இருந்தது.

வசதியான வீட்டிலும் இருக்கிறது. காரணம் கேட்டால் கோபப்படுவீர்கள்: பால்! சோறு இறங்கவில்லை என்றால் ஒரு டம்ளர் பால், அழுதால் ஒரு டம்ளர், தூங்கப்போகும்போது ஒரு டம்ளர். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் இருப்பதோ அரை மில்லிகிராம் அளவுதான். வயிறு பாலால் நிரம்பிவிடுகிறது. மற்ற சாப்பாட்டுக்கு இடமில்லை. பாலை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டர் தாண்ட வேண்டாம், அவ்வளவுதான். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் கூடாது. ஆறு மாதம் முடிந்ததும் குழைத்த பருப்புச் சோறும் கீரையும் தொடங்கிவிடுங்கள்.

"முருங்கைக்கீரை தினமும் கொடுக்கிறேனே!" என்பீர்கள். நல்லது. ஆனால் கீரை, பருப்பு, கேழ்வரகில் உள்ள இரும்பு உடம்பில் லேசில் சேராது. கூடவே எலுமிச்சை பிழிந்தால், ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுத்தால் சேரும். சாப்பிட்ட கையோடு டீ கொடுத்தால் தடைபடும். பிள்ளைக்கு டீ எதற்கு என்பது வேறு சண்டை! கறி சாப்பிடுகிற வீடுகளில் ஆட்டு ஈரலும், சுவரொட்டி என்கிற மண்ணீரலும் உண்டு. அதிலுள்ள இரும்பு எளிதில் சேரும். நன்றாக வேக வையுங்கள்.

குடலில் ஒட்டிக்கொள்ளும் கொக்கிப்புழுவும் ரத்தத்தை உறிஞ்சும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள். இந்தப் புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறும்; வெளியே போகும்போது செருப்புப் போடச் சொல்லுங்கள்.

இரும்பு மருந்து குடித்தால் மலம் கறுத்துப் போகும். பயந்து நிறுத்த வேண்டாம். பாலோடு கலந்தும் கொடுக்க வேண்டாம். ரத்தம் ஏறிய பிறகும், டாக்டர் சொல்லும்வரை தொடருங்கள். ஒன்று மட்டும்: இனிக்கிறதே என்று பிள்ளை முழு பாட்டிலையும் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கைக்கு எட்டாத மேல்தட்டில் வையுங்கள்.