ஆவணத்துக்கும் ஒரு பாயிரம்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த தமிழ்ப் பக்கங்களை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான 'யூனிகோட்' என்னும் ஒருங்குறிக்கு மாற்றித் தரும் சிறு மென்பொருள் ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து மதுரையில் எழுதினோம். எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தரும் திறந்த மூல உரிமத்தோடு அதை வெளியிட்டோம். அதை நிறுவிப் பயன்படுத்தும் விதத்தைச் சொல்லும் ஆவணங்களும் எழுதியிருந்தோம். அவற்றை ஓர் இணையதளமாக ஒழுங்குபடுத்தத் திட்டமிட்டபோது கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிம்மக்கல்லில் நண்பர் வீட்டு மாடியில், திருமங்கலத்து அச்சகம் ஒன்றில், கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலை பார்க்கும் தம்பி ஒருவரை அவருடைய மடிக்கணினியோடு உட்கார வைத்து, எங்கள் ஆவணத்தை மட்டும் படித்து மென்பொருளை இயக்கும்படி கேட்டுக்கொண்டோம். குறுக்கே பேசுவதில்லை என்று எங்களுக்குள் முடிவு செய்திருந்தோம். 'முனையத்தைத் திறக்கவும்' என்ற இரண்டாம் வரியிலேயே அவர் நின்றுவிட்டார். "அண்ணே, இந்த முனையம்ங்கிறது எங்கே இருக்கு?" என்று கேட்டார். முனையம் என்பது கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம். நாங்கள் அனைவரும் லினக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்கிறவர்கள். அவர் கையில் இருந்ததோ விண்டோஸ். அதைத் தாண்டி வந்த பிறகு, மாதிரிக் கட்டளையில் நாங்கள் 'கோப்பின் பெயர்' என்று எழுதியிருந்த இடத்தில், தம் கோப்பின் பெயரை இட வேண்டும் என்பது தெரியாமல், அந்த இரண்டு சொற்களையே எழுத்துப் பிசகாமல் தட்டினார். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பிழைச் செய்தி வந்தது. "என் மெஷின்லதான் ஏதோ கோளாறு போல" என்று சொல்லி மடிக்கணினியை மூடப் போனார். நாங்கள் எழுதியதில் இருந்த குறையை அவர் தம்முடைய குறையாக எடுத்துக்கொண்டது எங்களை மிகவும் வருத்தியது.

அன்று மாலை என் நினைவுக்கு வந்தது பவணந்தி முனிவரின் நன்னூல். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டையும் ஒரு நூலின் முன்னுரையான சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டும் என்று அது வகுக்கிறது. ஆவணத் தளத்தின் முதல் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான திட்டத்தை நான் கண்டதில்லை. 'எல்லை' என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பு. மென்பொருளுக்கு அது எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில் ஓடும் என்பது. 'கேட்போர்' யார் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தால், அச்சகத்துத் தம்பி முதல் நாளே எங்கள் மனத்தில் இருந்திருப்பார். 'வழி' என்ற இடத்தில், எந்த நிரலிலிருந்து எதை எடுத்தோம் என்பதையும் உரிமத்தையும் சொல்லிவிடலாம்.

பாயிரத்துக்குப் பின் வரும் பக்கங்களைப் பிரிக்க, டானியேல் புரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் என்னும் முறை கைகொடுத்தது. புதியவருக்கான பயிற்சிப் பாடம், குறிப்பிட்ட வேலைக்கான செய்முறை, கட்டளைகளின் முழு விவரம், காரணங்களைச் சொல்லும் விளக்கம் என நான்கையும் அது தனித்தனியே வைக்கச் சொல்கிறது. எங்கள் நிறுவல் குறிப்பின் நடுவே, 'கொ' என்ற எழுத்தைப் பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்றாகச் சேமிப்பதையும், ஒருங்குறி ககரத்தை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் வைப்பதையும் மூன்று பத்திகளுக்கு விவரித்திருந்தோம். மென்பொருளின் உயிர்நாடியே அந்தச் செய்திதான். இருந்தாலும் நிறுவத் தவித்துக்கொண்டிருப்பவருக்கு அது அந்த நேரத்தில் தடை. அதை விளக்கப் பகுதிக்கு மாற்றினோம்.

தளத்தை உருவாக்கும் கருவியைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக எழுதப்பட்டு 2008இல் வெளிவந்த ஸ்பிங்க்ஸும் போதும், எளிமையான எம்கேடாக்ஸும் போதும். நிரலின் கோப்புகளைச் சேமித்து வைக்கும் அதே களஞ்சியத்தில் ஆவணமும் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு கட்டளையை மாற்றுகிறவர் அதே திருத்தத்தில் அதன் பக்கத்தையும் மாற்றாவிட்டால், அந்தத் திருத்தத்தை ஏற்பதில்லை என்று நாங்கள் விதி வைத்திருக்கிறோம்.

தமிழில் தளம் அமைப்பவர்கள் தேடலையும் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். வேற்றுமை உருபு சேர்ந்ததும் 'கோப்பு' என்பது 'கோப்பை' என்றும் 'கோப்பில்' என்றும் திரிந்துவிடுவதால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் பெட்டியில் 'கோப்பு' என்று தட்டுபவருக்கு அந்தப் பக்கங்கள் கிடைப்பதில்லை. போதாக்குறைக்குக் 'கோப்பை' என்றால் தேநீர்க் கோப்பையும் ஆகும். அதனால் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் முக்கியச் சொல்லை உருபு சேர்க்காமல் எழுதி வருகிறோம்.

திருமங்கலத்துத் தம்பி இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். விண்டோஸில் முனையத்தைத் திறக்கும் விதத்தைத் தம் சொற்களில் நான்கு வரிகளாக எழுதி, திரையைப் படம் பிடித்தும் கொண்டு வந்திருந்தார். பயிற்சிப் பாடத்தின் தொடக்கத்தில் இப்போது இருப்பவை அந்த நான்கு வரிகளே.

நன்றி, வணக்கம்.