இழுப்பது வேறு, ஏற்றுவது வேறு

(தலைப்பு: "கேளிக்கைப் பூங்காவின் பழைய ரைடை எடுத்துவிட்டுப் புதியது வைப்பது வளர்ச்சியா, இழப்பா?" புது தில்லி, ஆர்.கே.புரத்தில் நடந்த பட்டிமன்றத்தில் 'இழப்பே' அணியின் உரை)

நடுவர் அவர்களே, வணக்கம். முனிர்காவிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்களுக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவி அக்கா பிரமாதமாகப் பேசினார்கள். மூன்று வாதம் வைத்தார்கள். ஃப்ளோரிடாவில் டிஸ்னி கம்பெனியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் செயற்கை நதியை மூடிவிட்டுக் கார்ஸ் என்ற கார்ட்டூன் படத்தை வைத்து ஒரு பகுதி கட்டுகிறார்களே, அதனால் கூட்டம் பெருகும் என்றார்கள். அந்த நதியின் நீராவிப் படகில் இந்தக் காலத்தில் யார் ஏறுகிறார்கள் என்று கேட்டார்கள். கடைசியாக, "நம்ம அப்பு கர் போச்சே, தில்லி நின்னா போச்சு?" என்றார்கள். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1982 ஆசிய விளையாட்டின் யானைக்குட்டி அப்புவின் பெயரில், 1984 நவம்பரில் பிரகதி மைதானத்தில் திறந்தது அப்பு கர் கேளிக்கைப் பூங்கா. 2008 பிப்ரவரியில் மூடினார்கள். நிலம் உச்சநீதிமன்றத்துக்குப் போய், 2019இல் அங்கே கூடுதல் கட்டடம் திறந்தார்கள். அக்கா, அது ஒரு ராட்டினத்தை எடுத்துவிட்டு இன்னொரு ராட்டினம் வைத்த சமாச்சாரம் இல்லை. நிலமே கைமாறிய சமாச்சாரம். நம் தலைப்பு ரைடுக்கு ரைடு. உச்சநீதிமன்றத்தோடு வாதாட எனக்குத் தெம்பும் இல்லை, இன்று நடுவர் ஒருவரைச் சமாளித்தால் போதும்.

சரி, நதிக்கு வருவோம். 1971 அக்டோபரில் மேஜிக் கிங்டம் திறந்தபோதே ஓடத் தொடங்கியது அந்த நதி. நடுவில் ஒரு தீவு, அது 1973இல் வந்தது. சுற்றி வருவது துடுப்புச் சக்கரம் வைத்த நீராவிப் படகு, பெயர் லிபர்ட்டி பெல். 2024 ஆகஸ்டில் அறிவித்தார்கள், 2025 ஜூலை 6 கடைசி நாள். மறுநாளிலிருந்து நதி, படகு, தீவு மூன்றும் கிடையாது. அங்கே வரப்போவது கார் ரைடுகள் இரண்டு. ஒன்று கரடுமுரடான பாதையில் வேகமாக ஓடுவது, மற்றது சின்னப் பிள்ளைகளுக்கு. சின்னவர்களை மறக்கவில்லை என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

நடுவர் அவர்களே, இந்தத் துறையில் ஒரே ஒரு கணக்குதான் ராஜா. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறாய்? 3600 விநாடியை, ஒரு வண்டி கிளம்புவதற்கும் அடுத்தது கிளம்புவதற்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, இருக்கையால் பெருக்கவேண்டும். கலிபோர்னியாவில் 2012இல் திறந்த கார்ஸ் ரைடில் ஒரு காருக்கு 6 இருக்கை. கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்வோம். 15 விநாடிக்கு ஒரு கார் என்றால் மணிக்கு 240 கார், 1440 பேர். காகிதத்தில் கண்ணைப் பறிக்கும்.

இப்போது ஏறும் மேடைக்கு வாருங்கள். கார் வந்து நிற்கிறது. முன் வரிசையில் மூன்று பேர், பின் வரிசையில் மூன்று பேர். வருவது நான்கு பேர் குடும்பம். அப்பா ஒரு பிள்ளையோடு முன்னால், அம்மா இன்னொன்றோடு பின்னால். ஆக இரண்டு இருக்கை காலி. தனியாக வருகிறவர்களுக்கு வேறு வரிசை வைத்து அதை நிரப்பப் பார்ப்பார்கள், எல்லா நேரமும் ஆள் கிடைக்காது. அப்புறம் பெல்ட். பெல்ட் மாட்டிய பிறகு பணியாளர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினால்தான் வண்டி நகரும். பையை எங்கே வைப்பது என்று ஒருவர் தேடுவார். தொப்பியைக் கழற்றச் சொன்னால் இன்னொருவர் கேள்வி கேட்பார். சக்கர நாற்காலியிலிருந்து ஒரு பாட்டியை மாற்றி உட்கார வைக்க இரண்டு நிமிடம் ஆகும், ஆகத்தான் வேண்டும். 15 விநாடி 20 ஆனால் 1440 என்பது 1080. சராசரியாகக் காருக்கு ஓர் இருக்கை காலி என்றால் 900. ரைடு பழுதாகவில்லை, மழை பெய்யவில்லை, யாரும் தப்புச் செய்யவில்லை. அதற்குள்ளேயே 540 பேர் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டார்கள்.

அந்தக் 'கிழட்டுப் படகை' இதே தராசில் வையுங்கள். ஒரு தடவைக்குச் சுமார் 400 பேர். அரை மணிக்கு ஒரு முறை கிளம்பியது. மணிக்கு 800. பெல்ட் கிடையாது, உயரக் கட்டுப்பாடு கிடையாது, பையைக் கழற்றவேண்டாம். சாய்தளத்தில் நடந்து ஏறினால் முடிந்தது. இதோடு தீவையும் சேருங்கள். அங்கே பிள்ளைகள் குகையிலும் கோட்டையிலும் ஓடிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் தீவில் இருக்கும் 300 பேர் என்றால், அந்த அரை மணி வேறெந்த க்யூவிலும் இல்லாத 300 பேர்.

படகு பாதிக் காலியாகப் போனது என்று அக்கா சொன்னார்கள். போனது, மறுக்கவில்லை. ஆனால் மதியம் வெயில் ஏறி, நான்கு ரைடுகளில் க்யூ வழிந்து, பாட்டிக்குக் கால் வலி எடுக்கும்போது, உடனே ஏறி உட்கார ஓர் இடம் வேண்டுமே! காலையில் காலியாகப் போன அதே இருக்கைதான் அது.

இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஏற்றும் திறன் பெரிதாக உயரவில்லை என்பது என் பக்கத்துக் கணக்கு. ஆனால் கூட்டம் உயரும். அக்காவே அதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். கூட்டத்தை இழுப்பது வேறு, கூட்டத்தை ஏற்றுவது வேறு நடுவர் அவர்களே. இலை போட்டது நூறு, அழைப்பு போனது முந்நூறு என்றால் அந்தக் கல்யாணத்தைச் சிறப்பான கல்யாணம் என்பீர்களா?

இது கற்பனை இல்லை. அதே ஃப்ளோரிடாவில், அதே டிஸ்னியின் எப்காட் பூங்காவில், நார்வே பகுதியில் மேல்ஸ்ட்ராம் என்று ஒரு படகு ரைடு. 1988இல் திறந்தது, க்யூ அவ்வளவாக இராது. 2014 அக்டோபரில் மூடி, ஃப்ரோஸன் படத்தின் பாத்திரங்களை வைத்து 2016 ஜூனில் மறுபடி திறந்தார்கள். ஓடும் கால்வாயும் படகும் பழையவைதான். மணிக்கு ஏறும் ஆள் எண்ணிக்கை எப்படி உயரும்? ஆனால் பெயர் உலகப் பெயர். திறந்தவுடன் மக்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். ரைடைக் குற்றம் சொல்லவில்லை, அழகான ரைடு. கதவின் அகலத்தைப் பார்க்காமல் ஊரைக் கூப்பிட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, புதியது என்றாலே ஓடும் என்று எதிரணி நம்புகிறது. எதிரணித் தம்பி "லேட்டஸ்ட் டெக்னாலஜி" என்று நான்கு முறை சொன்னார். தம்பி, எப்காட்டிலேயே வேர்ல்ட் ஆஃப் மோஷன் என்று ஒன்று இருந்தது. 1982இல் பூங்காவோடு திறந்தது. சங்கிலி மாதிரி நிற்காமல் நகரும் இருக்கைகள், அதனால் ஏறும் இடத்தில் வண்டி நிற்கும் பேச்சே இல்லை. 1996 ஜனவரியில் அதை மூடி, அதே கட்டடத்தில் டெஸ்ட் டிராக் என்று வேகக் கார் ரைடு கட்டினார்கள். 1997இல் திறப்பதாகத் திட்டம். முறைப்படி திறந்தது 1999 மார்ச்சில். அந்த வேகத்துக்குச் சக்கரங்கள் தாங்கவில்லை, அத்தனை கார்களையும் ஒரே நேரத்தில் ஓட்டும் கணினிக் கட்டுப்பாடும் படியவில்லை. பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் என்பது விதி. முன்னே போகும் கார் தன் பகுதியைக் காலி செய்ததாக சென்சார் சொல்லவில்லை என்றால், பின்னால் வரும் அத்தனை காரும் நிற்கும். பாதுகாப்புக்கு அது சரி. க்யூவுக்கு அது சங்கடம்.

இன்னும் புதிய உதாரணம் வேண்டுமா? ஒஹையோவில் சீடர் பாயின்ட் பூங்கா. 2003இல் வந்த 420 அடி உயர ரோலர் கோஸ்டர், டாப் த்ரில் டிராக்ஸ்டர். 2021 ஆகஸ்டில் ரயிலிலிருந்து கழன்ற உலோகத் துண்டு க்யூவில் நின்ற பெண்ணைத் தாக்கியது. அதோடு நிறுத்தி, மாற்றிக் கட்டி, 2024 மே 4 அன்று டாப் த்ரில் 2 என்று திறந்தார்கள். ஒரு வாரம் கொஞ்சம் கூட ஓடியது. வண்டியில் மாற்றம் தேவை என்று நிறுத்தியவர்கள், அந்த சீசன் முழுக்கத் திறக்கவில்லை.

ஃப்ளோரிடாவில் கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் சாதாரணம். திறந்தவெளிக் கார் ரைடு நிற்கும். படகும் நின்றது, உண்மை. அதனால் இதை எனக்குச் சாதகமாகக் கணக்கில் வைக்கவில்லை.

"பழசு, எத்தனை நாள் பழுது பார்ப்பது?" நல்ல கேள்வி, இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். லிபர்ட்டி பெல்லை மாலுமி திருப்பியதில்லை. தண்ணீருக்கு அடியில் இரும்புத் தண்டவாளம், அதைப் பிடித்துக்கொண்டு போகும். கொதிகலனில் நீராவி, நீராவி பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பின்னாலுள்ள துடுப்புச் சக்கரத்தைச் சுற்றும். இதில் தேய்வது எவை? உப்புப் படியும் கொதிகலன் குழாய், துடுப்புப் பலகை, வழிகாட்டிச் சக்கரம், அடித்தளத்துத் தகடு. ஒவ்வொன்றும் ஒரு பட்டறையில் அளந்து, வெட்டி, மாட்டக்கூடிய பொருள். உற்பத்தியை நிறுத்திய சர்க்யூட் போர்டைத் தேடி ஊர் ஊராக அலையவேண்டியதில்லை.

நீராவி என்றால் முடியாத காரியமா? இங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சாணக்யபுரி ரயில் மியூசியம். அங்கே பாட்டியாலா சமஸ்தானத்து மோனோரயில், 1907இல் பெர்லினிலிருந்து வந்த இன்ஜின். நம் ரயில்வேக்காரர்கள் அமிர்தசரஸ் பட்டறையில் சீர்செய்து மறுபடி நீராவியில் ஓடவிட்டார்கள். 1855இல் செய்த ஃபேரி குயின் நீராவி இன்ஜின் 1997இல் தில்லியிலிருந்து ஆல்வாருக்கு ரயிலை இழுத்துக்கொண்டு போனது. பின்னால் அதன் பாகங்கள் திருட்டுப்போனபோது எங்கே கொண்டுபோய்ச் சரிசெய்தார்கள் தெரியுமா? நம்ம பெரம்பூர்! (இந்தக் கைதட்டல் எனக்கில்லை, பெரம்பூருக்கு.)

வெளிநாடுதான் வேண்டும் என்றால் நியூயார்க் கோனி ஐலண்டின் சைக்ளோன். 1927இல் வந்த மர ரோலர் கோஸ்டர், இன்றும் ஓடுகிறது. மரப் பலகைகளை அடுக்கடுக்காக வைத்து ஆணியடித்து, மேலே இரும்புப் பட்டை. மழையிலும் அதிர்விலும் எந்த வளைவு தளர்கிறதோ அந்த இடத்துப் பலகையை மட்டும் பிடுங்கிப் புதியது அடிப்பார்கள். அந்நகரம் 1988இல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. கோபன்ஹேகன் டிவோலி பூங்காவில் 1914ஆம் வருடத்து மலை ரயிலில் இன்றும் ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் உட்கார்ந்து வருகிறார்.

எல்லாப் பழையதையும் கும்பிட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேனா? இல்லை. நியூ ஜெர்சியின் கிங்டா கா ரோலர் கோஸ்டர், 456 அடி உயரம். 2005இல் வந்தது, 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நைட்ரஜன் அழுத்தத்தில் எண்ணெயைச் சேமித்து, அதைத் திடீரென்று விட்டு, வடம் சுற்றும் உருளையான வின்ச்சைச் சுழற்றி, கம்பிவடத்தால் ரயிலை மூன்றரை விநாடியில் மணிக்கு 128 மைலுக்கு இழுக்கும் ஏற்பாடு. வடம், ஸீல், வால்வு எல்லாமே ஓயாமல் வேலை வைக்கும். அதை எடுத்தால் நான் அழமாட்டேன். அங்கே இயந்திரமே பிரச்சினை. நதியில் எந்த இயந்திரம் பிரச்சினை? இடம்தான் வேண்டியிருந்தது.

இடம் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருந்தது. கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் 1955ஆம் வருடத்து நதி. ஸ்டார் வார்ஸ் பகுதி கட்ட இடம் தேவைப்பட்டபோது 2016 ஜனவரியில் நிறுத்தினார்கள், நதியைக் குறுக்கினார்கள், கரையை மாற்றிக் கட்டினார்கள், 2017 ஜூலையில் படகை மறுபடி விட்டார்கள். 2019இல் புதுப் பகுதியும் திறந்தது. அதே கம்பெனி. அதே மாதிரி நதி. அங்கே முடிந்தது.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் எதிரணியிடம் இரண்டு எண் மட்டும் கேளுங்கள். புதுப் பகுதி வந்த பிறகு நாளொன்றுக்குக் கூடுதலாக எத்தனை பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள்? அவர்களில் மணிக்கு எத்தனை பேரை, பெல்ட் இழுத்துப் பார்த்த பிறகு, ஏற்றி இறக்க முடியும்? முதல் எண்ணை அக்கா உடனே சொல்லிவிடுவார்கள். இரண்டாவதைத் தம்பியையே சொல்லச் சொல்லுங்கள், 15 விநாடிக்கு ஒரு கார் என்று ஆரம்பித்தால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நன்றி, வணக்கம்.