குட்டி நாற்காலிக்கு எந்த சீட்?

[காட்சி: கால்களும் சட்டங்களும் மட்டும் உள்ள சின்ன மர நாற்காலி. நடுவில் சீட் இல்லை.]

நாலு காலும் நிக்குது, சட்டம் பூட்டியாச்சு, சாய்வும் வந்தாச்சு. நடுவுல இருக்கிற இந்தக் காலி இடத்தை எதை வச்சு அடைக்கிறது?

பெரியவங்க நாற்காலின்னா உட்கார வசதியா இருந்தா போதும். குழந்தை அதுல உட்காருறதே கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரம் ஏறி நின்னு அலமாரியை எட்டும், கவிழ்த்துப் போட்டு பஸ் ஓட்டும், ரசம் சாதத்தைக் கொட்டும். இத்தனையும் தாங்குற சீட்டா பார்க்கணும். பிய்ஞ்சா நம்ம கையாலேயே சரிபண்ண முடியணும், எனக்கு அது ரொம்ப முக்கியம்.

[காட்சி: குழந்தையின் பாதம் தரையில் படுவது, பக்கவாட்டில்.]

உயரத்தை முதல்ல பார்த்துடுவோம். ஐரோப்பாவுல பள்ளி நாற்காலிக்கு இ.என். 1729-னு ஒரு தரம் இருக்கு. 93-லிருந்து 116 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு சீட் உயரம் 26 சென்டிமீட்டர்னு அது சொல்லுது. உங்க குழந்தைக்குச் சரியான்னு பார்க்க, பாதம் முழுசா தரையில படுதான்னு பாருங்க. முழங்காலுக்குப் பின்னாடி, சீட் ஓரத்துக்கு முன்னாடி, உங்க ரெண்டு விரல் நுழையணும்.

[காட்சி: பழைய மணை ஒன்று. பிறகு நாற்காலி மேல் வைத்த பலகை.]

ரொம்ப எளிசு, பலகை. நம்ம வீட்டு மணையே ஒரு சீட்தானே! மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு நான் பலகைதான் போடுவேன். எது கொட்டினாலும் ஈரத்துணியால துடைச்சா போச்சு. ஆனா ஒண்ணு கவனிங்க: மரம் அசையும். மழைக்காலத்துல ஈரத்தை இழுத்து விரியும், கோடையில சுருங்கும். நீளவாக்குல அசைவு தெரியவே தெரியாது, ரேகைக்குக் குறுக்கே ஓரிரு மில்லிமீட்டர் போகும். நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கிட்டா, அசைய இடமில்லாம பலகை பிளந்துடும். அதனால ரேகை இடமிருந்து வலமா ஓடுற மாதிரி வைங்க. முன்சட்டத்துல ஸ்க்ரூவை இறுக்கலாம். பின்சட்டத்துல துளையை முன்பின்னா நீட்டமாப் போட்டுட்டு ஸ்க்ரூ போடுங்க, பசையே வேண்டாம். ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு உருட்டிடுங்க. முன் ஓரத்தை இன்னும் கொஞ்சம் அதிகமா, ஏன்னா தொடை படுறது அங்கதான்.

பிரம்பு? பார்க்க அழகு, பெரியவங்களுக்கு சுகமும்கூட. ஆனா ஒத்தைக் கால்ல ஒரே இடத்துல குதிச்சா இழை அறுந்துடும், அறுந்த முனை தொடையைக் கீறும். தேங்காய்நார்க் கயிறு குத்தும். பிளாஸ்டிக் ஒயர் வெயில் நாள்ல வேர்த்து ஒட்டும்.

[காட்சி: நாடாக் கட்டில். அடுத்து, நாடா சுற்றிய குட்டி நாற்காலி.]

மூணு வயசு தாண்டின குழந்தைக்கு என் தேர்வு பருத்தி நாடா. நாடாக் கட்டில்ல படுத்தவங்களுக்கு அந்த சுகம் தெரியும். அமெரிக்காவுல ஷேக்கர்ங்கிற கிறிஸ்தவ சமூகத்தாரும் துணி நாடாவைத்தான் பின்னினாங்க. 19-ஆம் நூற்றாண்டுல நியூயார்க் மாநிலத்துல மவுண்ட் லெபனான்ங்கிற ஊர்ல நாற்காலி செஞ்சு வித்தாங்க. அளவுக்கு 0-லிருந்து 7 வரைக்கும் எண் கொடுத்திருந்தாங்க. 0-ங்கிறது சின்னக் குழந்தைக்கு. அந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நாலு சட்டம், ஒரு நாடா, அவ்வளவுதான்.

சட்டம் உருண்டையா இருக்கணும். கூரான விளிம்பு நாடாவை அறுத்துடும். 30-க்கு 26 சென்டிமீட்டர் சீட்டுக்கு, 25 மில்லிமீட்டர் அகல நாடா முன்பின்னா சுத்த ஒரு 7 மீட்டர், குறுக்கே பின்ன இன்னொரு 7 மீட்டர். ஒரு மீட்டர் கூடவே வாங்கி வைங்க.

[காட்சி: கை நெருக்கத்தில், நாடா சுற்றுவது.]

ஒரு முனையைச் சட்டத்தோட உள்பக்கம் சின்ன ஆணியால அடிச்சுட்டு, முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் சுத்திக்கிட்டே வாங்க. இங்க ரொம்ப இழுத்துடாதீங்க. குறுக்கு நாடா மேலயும் கீழயும் நுழையும்போது தானா இறுகும். முதல்லயே முறுக்கிட்டா கடைசி ரெண்டு வரிசை நுழையவே நுழையாது. அந்த வரிசைகளுக்கு ஸ்பூன் காம்பு உதவும், நாடாவை அதால தூக்கி வழி பண்ணிக்கோங்க. கடைசி முனையை அடிப்பக்கம் செருகி, ஆணி அடிச்சு மறைச்சுடலாம்.

அழுக்கானா சோப்புத் தண்ணி வச்சுத் தேய்ச்சு வெயில்ல காய வைங்க. நைஞ்சு போச்சுன்னா வெட்டி எடுத்துட்டு அதே சட்டத்துல புதுசாச் சுத்திக்கலாம்.

நாடாவுக்கு ரெண்டு நிறம் எடுத்தா கட்டம் கட்டமா வரும். எந்த நிறம்னு குழந்தையையே கேளுங்க. குறுக்கு நாடா பின்னும்போது பக்கத்துல உட்கார வச்சு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு அது கையால ஒரு வரிசை நுழைக்கச் சொல்லுங்க.

[காட்சி: சின்ன விரல்கள் சிவப்பு நாடாவை வெள்ளை நாடாவுக்கு அடியில் நுழைக்கின்றன.]