செத்தவருக்குப் பூசை வைத்தால் பலன் உண்டா? சிவனொளிபாதமலை வரை போகும் ஒரு பழைய சண்டை

[திரை இருட்டு. குரல் மட்டும்.]

அப்பா இறந்து இன்றைக்கு 31ஆம் நாள். அம்மா கத்தோலிக்கர், கோயிலில் பூசைக்குச் சொல்லிவிட்டார். மூத்தவர் கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்துவிட்டார். சின்னவர் பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர். அவர் மட்டும் தோட்டத்து லயத்து வாசலிலேயே நிற்கிறார்.

"அப்பா ரட்சிக்கப்பட்டிருந்தா பரலோகத்துல இருக்காரு, பூசை தேவையில்ல. ரட்சிக்கப்படலன்னா எத்தன பூசை வச்சும் பிரயோசனம் இல்ல. அப்புறம் எதுக்கும்மா இது?"

அம்மா விடவில்லை. "அப்பா நல்ல மனுசன்தான்டா. ஆனா நேரா போய் ஆண்டவர் முன்னால நிக்கிற அளவுக்குச் சுத்தமானவங்க நம்ம வீட்டுல யாரு இருக்கா?"

[இசை. தலைப்பு.]

வணக்கம் மக்களே. ஹட்டன், தலவாக்கலை, பதுளை என்று எந்தப் பக்கம் போனாலும், இந்தப் பேச்சு வராத கிறிஸ்தவக் குடும்பம் குறைவு. இன்றைக்கு உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம். கடைசியில் இது நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறிவிடும், எச்சரித்துவிட்டேன். சப்ஸ்கிரைப் பண்ணினால் பாவம் போகுமா என்று கேட்காதீர்கள். அந்த வியாபாரத்தை 1567இலேயே நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். உத்தரிக்கிற ஸ்தலம் என்றால் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் இன்னொரு சான்ஸ் கிடைக்கும் இடம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கத்தோலிக்கரே நினைக்கிறார்கள். திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. கடவுளோடு நட்பில் இறந்து, ஆனாலும் முழுதாகத் தூய்மையாகாதவர்கள்தான் அங்கே இருக்கிறார்கள். மோட்சம் அவர்களுக்கு உறுதி. திருந்துவதற்கான வாய்ப்பெல்லாம் சாவோடு முடிந்தது. இதில் அம்மாவும் சின்னவரும் ஒரே கட்சி, அது அவர்களுக்கே தெரியாது.

சரி, அது எங்கே இருக்கிறது? 1999 ஆகஸ்ட்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜான் பால்), அதை ஓர் இடமாக நினைக்க வேண்டாம், அது ஒரு நிலை என்று பேசினார். அவருக்கு அடுத்து வந்த 16ஆம் பெனடிக்ட் 2007இல், சுத்திகரிக்கும் அந்த நெருப்பு கிறிஸ்துவே என்று சொல்லும் இறையியலாளர்களை எடுத்துக்காட்டி எழுதினார். கொப்பரை, எண்ணெய், கரண்டி எதுவும் கட்டாய போதனையில் கிடையாது. சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் பயந்தவர்கள் இப்போது மூச்சு விடலாம்.

[திரையில்: இரண்டு பைபிள்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

இப்போது வேதாகமம். அம்மாவின் பைபிளில் 73 புத்தகங்கள். சின்னவருடையதில் 66. சண்டைக்குக் காரணமான கதை அந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். யூதத் தளபதி யூதா மக்கபே போரில் இறந்த தன் வீரர்களை அடக்கம் செய்ய எடுக்கும்போது, அவர்கள் உடுப்புக்குள்ளே யம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்துகள் இருக்கின்றன. ஆமாம், தாயத்து! நம்ம ஊர் பாஸ்டர்மார் கையில் கட்டிய கயிற்றைக் கண்டாலே கத்திரிக்கோலைத் தேடுவார்களே, அதே விவகாரம். யூதா என்ன செய்கிறார்? 2000 வெள்ளி திராக்மா சேர்த்து, இறந்தவர்களின் பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்புகிறார். உயிர்த்தெழுதலை நினைத்து அவர் செய்தது நல்ல காரியம் என்று நூல் பாராட்டுகிறது.

அம்மா தரப்புக்கு இது தங்கக்கட்டி. சின்னவர் முதலில், அது என் பைபிளில் இல்லை என்பார். ஆனால் அவருக்கு அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது: சிலை வழிபாடு சாவான பாவம், அதாவது மனம் வருந்தாமல் இறந்தால் நரகத்துக்கே கொண்டுபோகும் பாவம், சாவான பாவத்தோடு இறந்தவருக்கு உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாது என்று உங்கள் போதனையே சொல்கிறதே, பிறகு இந்த வீரர்களுக்கு எப்படி? கத்தோலிக்கர் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கடைசி நொடியில் மனம் வருந்தியிருக்கலாம், உள்ளே நடந்தது கடவுளுக்குத்தான் தெரியும் என்பார்கள். கேள்விதான் கனமானது, என் ஓட்டு அதற்கு. அதற்காக அம்மாவின் வாதம் விழுந்துவிடாது. இறந்தவர்களுக்காக வேண்டும் பழக்கம் ஆதித் திருச்சபையிலேயே இருந்தது.

வரலாறு சலிப்பான பகுதி, ஓட்டமாகச் சொல்கிறேன். 1274 லியோன் சங்கம், 1439 புளோரன்ஸ் சங்கம், 1563 திரிதெந்து சங்கம், ஆயர்கள் கூடிய இந்த மூன்று பொதுச்சங்கங்களும் உத்தரிக்கிற ஸ்தலத்தை உறுதிசெய்தன. முடிந்தது.

[திரையில்: அதிகாலை, சிவனொளிபாதமலை.]

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறோம், டீயை ஊற்றிக்கொள்ளுங்கள்.

உத்தரிக்கிற ஸ்தலம் என்றதும் ஐரோப்பியர் மனதில் வரும் படத்தை வரைந்தவர் புளோரன்ஸ் நகரக் கவிஞர் தாந்தே. 1321இல் இறந்தார். அவர் அதைக் குகையாகவோ அடுப்பாகவோ எழுதவில்லை. மலையாக எழுதினார்! நடுக்கடலில் தனியாக நிற்கும் ஒரு தீவு, அதில் ஒரு மலை, அந்த மலையைச் சுற்றி ஏழு தட்டுகள். பெருமை பிடித்தவர்கள் முதல் தட்டில் முதுகில் பாறையைச் சுமந்து குனிந்து நடக்கிறார்கள். கோபக்காரர்கள் கண் தெரியாத புகைக்குள். சோம்பேறிகள் நிற்காமல் ஓடுகிறார்கள். இதில் வேடிக்கை, ஏழு தட்டில் நெருப்பு இருப்பது ஒரே ஒன்றில், கடைசித் தட்டில் மட்டும்தான். மலை உச்சியில் என்ன? ஏதேன் தோட்டம். ஆதாம் இருந்த இடம்.

ஆதாம், தீவு, மலை. மணி அடிக்கிறதா? நம்ம சிவனொளிபாதமலைக்கு ஆதாம் மலை என்றும் பெயர்.

தாந்தே இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவருடைய மலை எருசலேமுக்கு நேர் எதிரே, பூமியின் மறுபக்கத்தில். ஆனால் அவர் காலத்திலேயே மார்கோ போலோ, இலங்கையில் ஏறவே கடினமான ஒரு மலை இருக்கிறது, ஏறுவதற்குச் சங்கிலிகள் தொங்குகின்றன, உச்சியில் ஆதாமின் கல்லறை என்று முஸ்லிம்களும் புத்தருடையது என்று மற்றவர்களும் சொல்கிறார்கள் என்று எழுத்தில் பதியவைத்துவிட்டார். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் இன்னொருவர் வருகிறார். ஜொவான்னி தெ மரிக்னொல்லி, பிரான்சிஸ்கன் துறவி, பாப்பரசரின் தூதராகச் சீனாவுக்குப் போய்த் திரும்பும் வழி. எந்த ஊர்க்காரர்? புளோரன்ஸ். தாந்தே ஊர்! அந்த மனிதர் இலங்கையில் இறங்கி எழுதி வைத்தது என்ன தெரியுமா? இங்கிருந்து ஏதேன் 40 மைல் தூரம்தான், அங்கே தண்ணீர் விழும் சத்தம் இங்கே கேட்கிறது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்களாம். அவரைப் பிடித்துக் கொள்ளையடித்தவர்களையும் இங்கேதான் சந்தித்தார். சொர்க்கத்தின் அக்கம்பக்கத்தில் அப்படியும் சில பேர்.

இரண்டு மலைக்கும் எனக்குப் பிடித்த வித்தியாசம் இதுதான். தாந்தேயின் மலையில் சூரியன் மறைந்தால் ஒரு அடிகூட மேலே வைக்க முடியாது. நம்ம மலையில் ராத்திரிதான் ஏற்றமே. அங்கே ஏற ஏறச் சுலபமாகும், ஒவ்வொரு தட்டிலும் பாவத்தின் பாரம் ஒன்று குறையும். இங்கே 2243 மீட்டர் உச்சிக்குப் போகும் கடைசிப் படிகளில் முட்டி என்ன சொல்லும் என்று டிசம்பர் முதல் மே வரை சீசனில் போன யாரிடமும் கேளுங்கள். என்னைக் கேட்டால் நம்ம மலைதான் உண்மையான உத்தரிப்பு.

விளையாட்டு போகட்டும். தாந்தேயின் மலையில் மன்ஃப்ரெட் என்ற அரசன், "என் மகளிடம் சொல், எனக்காக வேண்டச் சொல், இங்கே இருப்பவர்களுக்கு அங்கிருப்பவர்களால்தான் வேகம்" என்ற பொருளில் கெஞ்சுகிறான். 31ஆம் நாள் பூசைக்குப் போகும் அம்மாவின் மனதில் இருப்பது அவ்வளவுதான்.

[திரையில்: நாணயங்கள்.]

அந்தக் கெஞ்சலைக் காசாக்கியதில்தான் எல்லாம் கெட்டது. ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்ட ஜெர்மனியில் பலன் சீட்டு, அதாவது பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் என்ற சீட்டு, விற்றார் தெட்செல் என்ற துறவி. பெட்டியில் காசு சத்தம் கேட்டதும் ஆத்துமா பறந்துவிடும் என்று பிரசங்கம். 1517இல் மார்ட்டின் லூதர் 95 வாதங்களோடு எழுந்தார். இப்போது பிடித்துக்கொள்ளுங்கள்: அந்த 95இல் உத்தரிக்கிற ஸ்தலத்தை லூதர் மறுக்கவே இல்லை. இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார். முழுதாகக் கைவிட்டு எழுதியது 1530இல். காசுக்குப் பலன் கொடுப்பதை 1567இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் ரத்துசெய்தார். அதற்கு முன்பே திரிதெந்து சங்கம், கேவலமான லாபத்தின் வாடை வருவதையெல்லாம் தடுங்கள் என்று ஆயர்களுக்குச் சொல்லியிருந்தது. ஆக, சின்னவர் காசு விஷயத்தில் கோபப்பட்டால் அதற்கு ஒரு கத்தோலிக்கச் சங்கமே சாட்சி.

ரட்சிப்பு விசுவாசத்தாலா, கிரியையாலா? விசுவாசத்தால் என்று எபேசியர் 2:8ஐச் சின்னவர் காட்டுவார், கிரியையும் வேண்டும் என்று யாக்கோபு 2:24ஐ அம்மா காட்டுவார், விடியும்வரை நடக்கும். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, நம் தகுதியால் அல்ல, கிருபையால்தான் ஏற்கப்படுகிறோம் என்றார்கள். 2006இல் மெதடிஸ்ட் சபையும் சேர்ந்தது. பெந்தெகொஸ்தே சபைகள் அதில் இல்லை. லயத்தில் இந்தச் செய்தி வந்து சேர்ந்ததாகவும் தெரியவில்லை.

ஆனால் சின்னவரின் மனதில் ஓடுவது ஆக்ஸ்பர்க் இல்லை என்று நினைக்கிறேன். பக்கத்து லயத்தில் 16ஆம் நாள் கருமாதி, வருடா வருடம் திதி. செத்தவருக்குச் சாப்பாடு, செத்தவருக்கு விளக்கு. அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு தனி மனிதனாக இயேசுவை ஏற்றுக்கொண்டேன் என்று வந்தவருக்கு, 31ஆம் நாள் பூசை அதே பழைய கணக்கின் புதுக் கொப்பியாகத் தெரிகிறது. எனக்காக நான்தான் விசுவாசிக்க வேண்டும், அப்பாவுக்காக நான் விசுவாசிக்க முடியாது என்கிறார். அம்மாவுக்கோ விசுவாசம் என்பது குடும்பத்தோடு, செத்தவர்களோடு சேர்ந்து இருப்பது. பூசையில் அப்பாவின் பெயரை வாசிக்கும்போது அவர் இன்னும் அந்த வீட்டு ஆள். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளும் பிரசங்கங்கள் எனக்குச் சோம்பேறித்தனமாகத்தான் படுகின்றன. சபைக்குப் போனவன் சோற்றுக்கும் அரிசிக்கும் போனான் என்று ஏளனம் செய்வதும் அதே சோம்பேறித்தனம்.

இன்னொன்று. இந்தச் சண்டையில் ஒருநாள் மலையகமே கத்தோலிக்கருக்கு அடைக்கலம் கொடுத்தது. கரையோரத்தைப் பிடித்த ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்து சீர்திருத்தவாதி கல்வினின் வழி வந்தவர்கள்; கத்தோலிக்கக் குருமாருக்கு அங்கே தடை. கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்த ஜோசப் வாஸ் அடிகள் 1692இல் கண்டிக்கு ஏறினார். போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். பிறகு பௌத்த மன்னரின் நிழலில்தான் வேலை செய்தார். 1711 ஜனவரியில் கண்டியிலேயே இறந்தார். 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். புரட்டஸ்தாந்து அரசிடமிருந்து கத்தோலிக்கரைக் காப்பாற்றியவர் பௌத்த ராஜா. இதை வைத்து ஒரு தனி வீடியோ போடலாம், லைக் வந்தால் போடுகிறேன்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காக வேண்டினால், பாவசங்கீர்த்தனம், நற்கருணை போன்ற வழக்கமான நிபந்தனைகளோடு, அதற்குக் கிடைக்கும் பரிபூரண பலனை, அதாவது தண்டனை முழுவதையும் நீக்கும் பலனை, உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கே கொடுக்கலாம் என்பது இன்றும் கத்தோலிக்க விதி. காசு கிடையாது. மெழுகுதிரிக்கும் குடைக்கும் மட்டும்தான் செலவு, நவம்பர் மழை உங்களுக்கே தெரியும்.

உங்கள் வீட்டில் 31ஆம் நாள் எப்படி நடந்தது என்று கீழே எழுதுங்கள், திட்டுவதென்றால் என்னை மட்டும் திட்டுங்கள். அடுத்த வீடியோ: குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருப்பவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.